ஏடு வாசித்த தொண்டை

2023 அக்டோபர் 17

கீரிப்பாறையில் இன்று கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. காலை ஒன்பதுக்கே திரை கட்டி, மேசை போட்டு, இரண்டு நர்சுகளோடு உட்கார்ந்து மதியம் வரை ஈ ஓட்டினோம். ரப்பர் வெட்டப் போன பெண்கள் பாலை எடுத்து, எடை போட்டு, கை கழுவி இறங்க மதியம் ஒரு மணி ஆகும். இது எனக்குத் தெரியும், நர்சுகளுக்குத் தெரியும், எஸ்டேட் பஸ் டிரைவருக்கும் தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் ஒன்பது மணிதான் நல்ல நேரம்.

ஒன்றரைக்கு நாலு பேர் வந்தார்கள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருத்திக்கு நோய் தொடங்குவதற்கு முந்தைய மாற்றம் தெரிந்தது. அங்கேயே சிகிச்சை செய்தாயிற்று. பெரிய ஆபத்து ஒன்று அவளை விட்டு விலகியது. அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பஸ் போய்விடும் என்று ஓடினாள்.

நல்ல நாள்தான். நாலு பேர் என்றாலும்.

அக்டோபர் 29

ராஜகுமார் வந்தான். என் தங்கை பொன்மலரின் கணவன். கோட்டாற்றில் பெயிண்ட் கடை. வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர். கையில் நோட்டீஸ். "தொண்டையைக் காப்போம் — இலவச கழுத்து ஸ்கேன் முகாம்". தனியார் ஆஸ்பத்திரி ஒன்று வேன் அனுப்புகிறதாம். கார்த்திகையில் தடிக்காரன்கோணம் தாங்கலில், எங்கள் அய்யா கோயிலில், அய்யாவின் ஏட்டை ராகத்தோடு படிக்கும் பத்து நாள் ஏடு வாசிப்பு தொடங்குகிறதே, அன்றைக்கே முகாமும்.

"கூட்டம் எப்பிடியும் வரும்லா மச்சான். சாப்பாட்டுக்கு நிக்குத வரிசைய அப்பிடியே ஸ்கேனுக்குத் திருப்பி விட்டா போதும்."

வேண்டாம் என்றேன். கழுத்தில் கட்டி தட்டுப்படாத, ஒரு தொந்தரவும் இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்தால், பத்துப் பேரில் நாலைந்து பேருக்கு ஏதாவது ஒரு புள்ளி தெரியும். அதில் சிலதற்குக் கேன்சர் என்று பெயர் வரும். அந்தச் சின்னக் கேன்சர்களில் பெரும்பாலானவை அந்த ஆள் தொண்ணூறு வயதில் வேறு எதிலாவது சாகும்வரை அப்படியே கிடக்கும். இருபது வருடமாக என் பிழைப்பே இதுதான் — எந்தப் பரிசோதனை உயிரைக் காக்கும், எது பயத்தை மட்டும் பெருக்கும் என்று கணக்குப் போட்டு அரசாங்கத்துக்குச் சொல்வது.

அவன் பொறுமையாகக் கேட்டான். "அது சரி மச்சான். ஆனா தெரிஞ்சுக்கிடுறது நல்லதுதான?" என்றான்.

இந்த ஒரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் எனக்கு இந்த உத்தியோகமே தேவைப்பட்டிருக்காது.

நவம்பர் 19

முதல் ஆளாகப் படுத்தது மலர்.

அவள்தான் ஏடு வாசிப்பவள். அவள் படுத்தால் மற்ற பெண்களும் படுப்பார்கள் என்று ராஜகுமார் கணக்கு. அவளுக்கு வேறு கணக்கு. போனில் சொன்னாள்: "பத்து நாளு வாசிக்கணும்லா அண்ணே. எனக்க தொண்டை நல்லா இருக்கான்னு பாத்துக்கிட்டேன்."

தொண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்! குரல் நாண் வேறு, தைராய்டு சுரப்பி வேறு. நோட்டீசில் 'தொண்டை' என்று போட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

தைராய்டில் இடது பக்கம் ஏழு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. ஊசி குத்திப் பார்க்க வேண்டும் என்றார்களாம்.

நவம்பர் 28

கடைசி நாள் வாசிப்பு. ஷைஜாவும் நானும் போயிருந்தோம். பந்தல் நிறைந்து கூட்டம். என் மனைவிக்கு இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பழகியதுதான், ஆனால் மலர் வாசித்தால் என்னை விட முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். மலருக்கு மைக் ஒரு பேச்சுக்குத்தான். அது இல்லாவிட்டாலும் ரோட்டு முக்கு வரை கேட்கும். ராகம் இழுக்கும்போது மூச்சு எங்கே விடுகிறாள் என்றே தெரியாது. கூட்டம் "அய்யா சிவசிவ" என்று பதில் கொடுக்கும்போதுதான் அவள் எச்சில் விழுங்குவது தெரியும்.

நடுவில் ராஜகுமார் என் தோளைத் தொட்டு வெளியே அழைத்தான். ஊசிப் பரிசோதனை முடிவு போனில் வந்திருந்தது.

உள்ளே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் செருப்புகளுக்கு நடுவே நின்றோம். அவன் அழுதான். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இப்போது வரை தெரியவில்லை.

டிசம்பர் 3

நான்கு நாளாகச் சண்டை.

ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் செய்து கவனிக்கலாம், வளர்ந்தால் அப்போது எடுக்கலாம், பல நாடுகளில் இதுதான் வழக்கம் என்று எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்தேன். படம் போட்டும் காட்டினேன். மலர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கதுக்கு, அதுவரை கழுத்துல தேள வச்சுக்கிட்டு நான் ஒறங்கணுமா?"

"தேள் இல்ல மலர். கொட்டாது. கொட்டுறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி."

"உனக்கு அது கணக்கு அண்ணே. எனக்குக் கழுத்தாக்கும்."

நாற்பத்திரண்டு வயது, கழுத்து அவளுடையது. கேன்சர் என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெயரைத் திரும்ப வாங்க முடியாது.

டிசம்பர் 11

என் காரில்தான் கூட்டிப்போனேன். ராஜகுமாருக்கு அன்று வண்டி ஓட்டத் தைரியம் இல்லை. வழி நெடுக அவள் பாடிக்கொண்டே வந்தாள், மெதுவாக. சுரப்பியை முழுதாக எடுத்தாயிற்று, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார் சர்ஜன்.

டிசம்பர் 12

குரல் இல்லை. காற்றுதான் வருகிறது.

டிசம்பர் 13

சுரப்பியை ஒட்டி ஓடும் குரல் நரம்பு வீங்கியிருக்கலாம், மெல்ல சரியாகிவிடும் என்கிறார்கள். நல்ல சர்ஜன் கையிலும் நூறில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆவதுண்டு. எனக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறேன். 'ஏற்கத்தக்க பக்கவிளைவு' என்று என் கையாலேயே... சவம், என்ன வார்த்தை அது. யார் ஏற்றார்கள்?

2024 ஜனவரி 26

மலர் இப்போது போனில் பேசுவதில்லை. எழுதித்தான் அனுப்புகிறாள். "விரல் மரத்துப் போகு. கால்சியம் மாத்திரை தீந்துட்டு." "காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை. இனி சாவுற வரைக்கும்." மாத்திரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஜூன் 20

திருவனந்தபுரத்தில் குரல் டாக்டர். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரையில் காட்டினார். வலது நாண் அசைகிறது. இடது அப்படியே நிற்கிறது. பேச்சுப் பயிற்சியால் கொஞ்சம் தெளிவு வரும், பாட்டுக்கு வாய்ப்பில்லை என்றார். மலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து டீ குடிக்கும்போது, கரகரத்த காற்றுக் குரலில், "போட்டும். உசுரு இருக்குல்லா" என்றாள்.

ராஜகுமார் உடனே, "அதான! உசுரு தப்பிச்சுல்லா, அது போதும்" என்றான். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஜூலை 28

முகாம்கள் பெருகிவிட்டன. இரணியல், தக்கலை, திற்பரப்பு வரை. எல்லாவற்றிலும் மலர் மேடையில். நோட்டீசில் அவள் படம். "முன்பே கண்டுபிடித்ததால் இன்று உயிருடன் இருக்கிறேன்." ராஜகுமார் மைக்கை அவள் உதட்டோடு வைத்துப் பிடிக்கிறானாம். கூட்டம் ஊசி விழுந்தாலும் கேட்கும்படி அடங்கிவிடுமாம். ஷைஜா போய் வந்து சொன்னாள். "கேக்கவங்க எல்லாரும் கரையுதாங்க. எனக்கும் அழுகை வந்துட்டு."

"நீ ஸ்கேன் பண்ணிக்கிட்டியா?"

"இல்ல. ஆனா பண்ணலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன்."

என் வீட்டிலேயே இப்படி.

ஆகஸ்ட் 14

மாநில நிபுணர் குழுவிலிருந்து அழைப்பு. கழுத்து ஸ்கேனை அரசின் இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். சான்றுகளைத் திரட்டித் தொகுத்துச் சொல்லும் வேலை என்னுடையது. வேறு எந்த வருடம் வந்திருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பேன்.

செப்டம்பர் 5

சஃப்வான் வரைபடங்களை முடித்துவிட்டான். தேங்காப்பட்டணத்துப் பையன், என்னோடு எட்டு வருடமாக எண்களைப் பார்த்துக்கொள்கிறான். முகாம்கள் தொடங்கியதிலிருந்து புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களின் கோடு மலையேறிக்கொண்டே போகிறது. இந்த நோயால் சாகிறவர்களின் கோடு முன்னும் தரையில், பின்னும் தரையில். காப்பாற்றியிருந்தால் அந்தக் கோடு கொஞ்சமாவது இறங்க வேண்டாமா? அது இறங்குவதற்கே இடமில்லை, அவ்வளவு கீழே கிடக்கிறது. ஏறிய கோட்டில் ஒரு புள்ளி மலர்.

மக்கள் கருத்துக் கேட்பு நாகர்கோவிலிலேயே நடக்கிறது. வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் பேசுவது மலர். அவளுக்கு அடுத்து நான்.

சஃப்வான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், நான் பேசுகேன். நீங்க லீவு போடுங்க. அவங்க இருக்கும்போது நீங்க எப்பிடி சார்..."

ஷைஜாவும் அதைத்தான் சொல்கிறாள். "அவ தொண்டை போனதுக்கு ஒரே ஆறுதல் உசுரு தப்பிச்சுன்னு நெனைக்கதுதான். அதையும் எடுக்கப் போறியளா?"

போறேனா?

செப்டம்பர் 15

லீவு எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் சங்கத்தின் மனு என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு வரி: "பரிசோதனைக் கொள்கை நிபுணரான டாக்டர் சுயம்புவே தம் தங்கையை நேரில் அழைத்துச் சென்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள வைத்தார்."

நான் வராமலிருந்தால் அதற்கும் இதுதான் அர்த்தம். லீவைத் திரும்ப வாங்கினேன்.

செப்டம்பர் 21

எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் தூக்கம் வராது.

மலர் பச்சைப் பட்டு உடுத்தி வந்திருந்தாள். ஏடு வாசிக்க உடுத்துவது. நெற்றியில் நாமம். ராஜகுமார் மைக் பிடித்தான். ஐந்து நிமிடம் பேசியிருப்பாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் மூச்சு வாங்கி. "எனக்க சத்தம் போச்சு. ஆனா எனக்க பிள்ளைக்கு அம்மை இருக்கேன்." சென்னையிலிருந்து வந்த குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "எனக்கு முன் பேசியவர் என் தங்கை. இதைத் தெரிந்துகொண்டு நான் சொல்வதை எடைபோடுங்கள்." பிறகு படங்கள். திரையைப் பார்த்தே பேசினேன். அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் கண்ணாடிக்காரர் கேட்டார்: அப்படியானால் முகாம்களில் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது என்கிறீர்களா?

"பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது."

சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். ராஜகுமார் மட்டும் இருந்தான். பக்கத்து நாற்காலி காலி. மைக் அதன்மேல் கிடந்தது.

செப்டம்பர் 22

பேப்பரில்: "பரிசோதனை தேவையில்லை — டாக்டர் பேச்சு". எந்தப் பரிசோதனை என்று போடவில்லை. வெளங்கிரும்.

அக்டோபர் 6

மலர் வந்தாள். தனியாக, பஸ்ஸில். ஷைஜா காப்பி போடப் போனாள், அங்கேயே நின்றுகொண்டாள்.

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள். அருகில் போய்க் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "டீக்கடைல வச்சு நீ தலையாட்டுனியே, அன்னைக்கே தெரியும். சின்ன வயசுல இருந்து உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுக்கப்புறந்தான் அவிய கூப்பிட்ட மேடையெல்லாம் ஏறுனேன். சொல்லச் சொல்ல நெசமாயிரும்னு நெனச்சேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இப்ப எனக்கு மட்டும் சொல்லு. எனக்கு அது வேண்டாததா?"

"தெரியாது மலர். கூட்டமா எடுத்தாச் சொல்லலாம். ஒரு ஆளுக்கு யாராலயும் சொல்ல முடியாது."

"ஊருக்குச் சொல்லுதியே. தங்கச்சிக்குச் சொல்ல முடியல்ல இல்லியா?"

அதுதான் உண்மை, அறிவியலே அவ்வளவுதான், நான் ஒளிக்கவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"இனி ஒரு டெஸ்டுக்கும் நான் வரமாட்டேன். ஒனக்க டெஸ்டுக்கும். கூப்பிடாத."

காப்பி ஆறிப்போய்விட்டது. ஷைஜா அதைச் சூடாக்கி என்னைக் குடிக்க வைத்தாள்.

நவம்பர் 25

தாங்கலில் ஏடு வாசிப்பு. லீலாபாய் டீச்சர் வாசிக்கிறார். பாவம், நல்ல மனுஷி, ஆனால் ராகம் ஏறும் இடத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. மலர் பெண்கள் வரிசையில் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். டீச்சருக்கு ஒரு சொல் முன்னதாகவே அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். இந்த வருடம் ஸ்கேன் வேன் வரவில்லை. ராஜகுமார் பந்தியில் அன்னம் விளம்பினான், என் இலையிலும் விளம்பினான்.

2025 ஜனவரி 10

உத்தரவு வந்துவிட்டது. கழுத்து ஸ்கேன் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. தொந்தரவு இல்லாதவர்களுக்கு முகாம் நடத்த வேண்டாம் என்று அறிவுரையும். சஃப்வான் நெய்யப்பம் வாங்கி வந்தான். இருபது வருட வேலையில் நான் சொன்னது இத்தனை சுத்தமாக ஏற்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு ஒன்றும் கொண்டுபோகவில்லை.

பிப்ரவரி 2

மலருக்குப் பிறந்தநாள். என்ன எழுதி அனுப்புவது என்று தெரியவில்லை. அனுப்பவில்லை.

பிப்ரவரி 18

கீரிப்பாறை. இப்போது மதியம் இரண்டுக்கு மாற்றிவிட்டார்கள், கடைசியில். ஆனால் ஒருத்தி கூட வரவில்லை. முன்பு நாலு பேராவது வருவார்கள். ஒரு நர்ஸ் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்: "டெஸ்ட் எல்லாம் வேண்டாம்னு ஒங்க சாரே சொல்லிட்டாராம்லா, பேப்பர்ல வந்துச்சாம்."

அது வேற டெஸ்டு அம்மா! இது வேற! அது வேண்டாம், இது வேணும், இதுதான் உசுரக் காப்பாத்தும் — யாரிடம் போய்க் கத்துவது? முன்பு ஒரு தடவை ஒருத்தி பிழைத்தாளே. அவளைப் போல இன்னொருத்தி அந்த லயத்தில் இருப்பாள். என் பேச்சை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

ஷைஜாவிடம் புலம்பினேன். அவள் யாருக்கோ போன் செய்யப் போனாள்.

மார்ச் 18

கீரிப்பாறை. இரண்டு மணி. திரை கட்டி உட்கார்ந்திருந்தோம். நர்சுகள் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

இரண்டரை பஸ்ஸில் ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். எஸ்டேட்காரர்கள் இல்லை, தடிக்காரன்கோணத்துப் பெண்கள். முன்னால் லீலாபாய் டீச்சர். அவருக்குப் பின்னால் மலர். அவர்களைப் பார்த்து லயத்து வாசலில் நின்ற இரண்டு மூன்று பேரும் மெல்ல வந்து நின்றார்கள்.

மலர் என்னிடம் வரவில்லை. வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். அன்றைக்கும் முதலில் படுத்தது அவள்தான்.

நர்ஸ் புதுப் பெண், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெயரைக் கேட்டாள். மலர் சொன்னாள். கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றாள். மலர் மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது, காற்றுதான் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் எழுந்துவிட்டேன். "பொன்மலர்" என்றேன், அந்த அறைக்குத் தேவையில்லாத சத்தத்தில். "பொன்மலர். வயசு நாற்பத்துமூணு."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"நாப்பத்துநாலு" என்றாள். "பெரிய கணக்குக்காரன்."

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்துநாலு என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள்.